வராத அழைப்பும் கேட்காத உதவியும்

கேள்வி:

எனக்கு 38 வயது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழியுடன் 19 வருட நட்பு. அவளுடைய விவாகரத்து வழக்கு நடந்த இரண்டு வருடமும் நான்தான் கூடவே அலைந்தேன். அவள் வேலை தேடியபோது விண்ணப்பங்களை எல்லாம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். அவள் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து மாலை வரை என் வீட்டில் வைத்துக்கொள்வேன். இரவு பத்து மணிக்கு மேல் அழைப்பாள், ஒரு மணி நேரம் பேசுவாள், எல்லாம் அவள் கதைதான். போன மாதம் எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அவளிடமிருந்து வந்தது ‘டேக் கேர்’ என்று ஒரு மெசேஜ். மூன்றாம் நாள் போன் வந்தது. நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்து எடுத்தேன். தன் மேலாளரைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசிவிட்டு வைத்தாள். அன்றிலிருந்து அவள் அழைப்பை நான் எடுப்பதில்லை. ‘நீ ரொம்ப மாறிட்ட’ என்று எழுதியிருக்கிறாள். என் கணவரோ, ‘எதிர்பார்த்துச் செஞ்சா அது நட்பா?’ என்கிறார். கோபமும் வருகிறது, குற்ற உணர்ச்சியும் வருகிறது. எதிர்பார்ப்பது தவறா? இந்த நட்பை விட்டுவிடட்டுமா?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கையில் பேனா இருந்தது. நீங்கள் அவளுக்குச் செய்ததாகச் சொல்லும் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். வழக்குக்கு அலைந்தது, விண்ணப்பம் திருத்தியது, பையனைப் பார்த்துக்கொண்டது, இரவுப் பேச்சைக் கேட்டது. பிறகு, நீங்கள் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது எதுவாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அவள் நடந்துகொண்டது சரி என்று சொல்வதற்காக இதை எடுத்து வைக்கவில்லை. வயிற்றில் தையல் ஆறாமல் படுத்திருக்கும் தோழியிடம் ஐம்பது நிமிடம் மேலாளர் புராணம் படித்தது அக்கறையின்மைதான். உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை, நீங்கள் எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலில் உங்கள் கணவர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். கேட்க அழகான வாசகம். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: இந்த வாசகம் எப்போதும் கொடுப்பவர் காதில்தான் ஓதப்படுகிறது. வாங்கிக்கொண்டே இருப்பவரிடம் போய் ‘எதிர்பார்த்தால் அது நட்பா?’ என்று யாரும் கேட்பதில்லை. செய்த உதவிக்குத் திரும்பச் செய்ய வேண்டும் என்ற நெறி மனித சமூகங்களில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைச் சமூகவியலாளர் ஆல்வின் கோல்ட்னர் 1960லேயே விரிவாக எழுதினார். எதிர்பார்ப்பு வந்ததாலேயே நீங்கள் கணக்குப் பார்க்கும் ஆளாகிவிடவில்லை.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மையும் உண்டு. மார்கரெட் கிளார்க், ஜட்ஸன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் உறவுகளை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று கொடுக்கல் வாங்கல் உறவு. நான் இன்று செய்ததற்கு நீ நாளை ஈடு செய்ய வேண்டும். மற்றது அக்கறையின் மேல் நிற்கும் உறவு. அதில் ‘யார் கடைசியாகச் செய்தது’ என்பது கேள்வியே இல்லை, ‘இப்போது யாருக்குத் தேவை’ என்பதுதான் கேள்வி. நெருங்கிய நட்பு இந்த இரண்டாம் வகை. அங்கே உடனுக்குடன் கைமாறு செய்ய முனைந்தால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடமாகக்கூட இருக்கும், கடனை அடைத்துவிட்டு விலகப் பார்க்கிறாளோ என்று.

ஆனால் இரண்டாம் வகை உறவு என்பதற்காக ஒருவர் மட்டுமே செய்துகொண்டிருக்க வேண்டும் என்றில்லை. தேவை இந்தப் பக்கம் வரும்போது கை அந்தப் பக்கத்திலிருந்து நீள வேண்டும். அவளுக்கு வழக்கு நடந்த இரண்டு வருடத்தில் நீங்கள் அலைந்ததற்கு அவள் பதிலுக்கு அலையவில்லை என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். அது கணக்கு அல்ல.

சரி, இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கக்கூடிய பகுதி.

ஓர் ஊகம். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை என்று அவளிடம் எப்படிச் சொன்னீர்கள்? ‘சின்ன ஆபரேஷன்தான்டி, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவேன், நீ ஒன்னும் கவலப்படாத’ என்றுதானே? பிறருக்காக ஓடியே பழகியவர்கள் என்னிடம் வந்து பேசும்போது இந்த ‘ஒன்னும் இல்ல’ ஏறக்குறைய எல்லோர் வாயிலும் வரும். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ‘ஒன்னும் இல்ல’ என்பார்கள். அடுத்தவர் முகம் வாடுவதைத் தூரத்திலிருந்தே படித்துவிடும் திறமை இவர்களுக்கு உண்டு. அதனாலேயே தன் முகத்தையும் மற்றவர்கள் அப்படிப் படித்துவிடுவார்கள், படிக்க வேண்டும் என்று நம்புகிறார்கள். எல்லோருக்கும் அந்தப் படிப்பு கிடையாது. 19 வருடமாக உங்கள் தோழி பார்த்துவந்த ‘நீங்கள்’, எதுவும் தேவைப்படாத ஒரு பெண். அந்தப் படத்தை வரைந்ததில் உங்கள் பங்கும் இருக்கிறது.

மூன்றாம் நாள் போனிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘இரு, எனக்கு வலிக்குது, இப்ப பேச முடியல’ என்று எந்த நிமிடத்திலும் சொல்லியிருக்கலாம். ஐம்பது நிமிடமும் கேட்டீர்கள். வைத்த பிறகு, இனி இவள் போனையே எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தீர்கள். ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்வதற்கும் நடுவே பேசக்கூடிய வாக்கியங்கள் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றைப் பழகத்தான் இந்தப் பதில்.

கேட்பதில் நமக்கு இருக்கும் தயக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2008இல் ஃபிராங்க் ஃபிளின், வனெஸ்ஸா லேக் என்ற இருவர் வெளியிட்டது. ஆய்வில் பங்கேற்றவர்களை, முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி கேட்கச் சொன்னார்கள். ஐந்து பேர் சம்மதிக்க எத்தனை பேரை அணுக வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, சராசரியாக 20 பேர் என்று கணித்தார்கள். நடந்தது என்னவென்றால், பத்துப் பதினோரு பேரிலேயே வேலை முடிந்தது. கேட்பவர் மனதில் மறுப்பு பெரிதாகத் தெரிகிறது. கேட்கப்படுபவருக்கோ மறுப்பதுதான் சங்கடம். முகம் தெரியாதவர்களே இப்படி என்றால், 19 வருடப் பழக்கத்திடம் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ‘நீ எனக்காக எதுவுமே பண்ணதில்ல’ என்று ஆரம்பித்தால் அது குற்றச்சாட்டு. அவள் தன் தரப்பு வழக்கறிஞராக மாறிவிடுவாள், இரண்டு வருடம் நீதிமன்றம் பார்த்தவள் வேறு. ‘கொஞ்சம் என்னையும் நினைச்சுக்கோ’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குப் புரியாது. செயலும் நாளும் இருக்க வேண்டும்: ‘வியாழக்கிழமை மறுபடி டாக்டர்கிட்ட போகணும். தனியா போக எனக்குத் தெம்பு இல்ல. நீ கூட வர்றியா?’ இதற்கு ஆம் அல்லது இல்லை என்று இரண்டு பதில்தான் இருக்க முடியும். இரண்டிலிருந்தும் உங்களுக்கு ஏதாவது தெரியவரும்.

இப்போது எல்லை பற்றி. இந்தச் சொல் அண்மைக் காலத்தில் படாத பாடு படுகிறது. பிடிக்காத யாரையும் விரட்டுவதற்கு அதைக் கையில் எடுக்கிறார்கள். ‘நீ இனிமே என்கிட்ட உன் ஆபீஸ் கதை பேசக் கூடாது’ என்பது எல்லை அல்ல, உத்தரவு. அதை நிறைவேற்றும் பொறுப்பு அவளிடம் இருக்கிறது, மீறினால் உங்களால் கோபப்பட மட்டுமே முடியும். ‘பத்து மணிக்கு மேல நான் போன் எடுக்க மாட்டேன்’ என்பது எல்லை. அதில் எழுவாய் ‘நான்’. அவள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் உங்களால் அதைச் செய்ய முடியும். ஒன்றைச் சொல்லப் போகுமுன் அந்த வாக்கியத்தில் யார் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அவள் என்றால், அது வேண்டுகோள். வேண்டுகோளாகவே கேளுங்கள், மறுக்கும் உரிமையோடு. நீங்கள் என்றால், அறிவித்தால் போதும், அனுமதி வேண்டியதில்லை.

நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் மௌனம் இரண்டிலும் சேராது. அவளுக்கு மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை, ஏன் என்று தெரியாது. உங்களுக்கு அது தண்டனை. அவளுக்கு அது புதிர். புதிருக்கு அவளுக்குக் கிடைத்த விடைதான் ‘நீ ரொம்ப மாறிட்ட’.

அதற்கு மறுப்பு எழுதாதீர்கள். ‘ஆமா, மாறித்தான் இருக்கேன்’ என்றே தொடங்கலாம். நேரில் முடியாவிட்டால் போனில், ஆனால் மெசேஜில் வேண்டாம். எழுத்தில் குரல் கேட்காது, அவரவர் பயத்தின் குரலில் அவரவர் படித்துக்கொள்வோம். இப்படிச் சொல்லிப் பாருங்கள், உங்கள் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

‘நான் போன் எடுக்காததுக்குக் காரணம் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள் நீ கூப்பிட்டப்ப, எப்படி இருக்கேன்னு நீ கேப்பன்னு நெனச்சேன். கேக்கல. அது எனக்கு ரொம்ப வலிச்சுது. எனக்கும் உன்கிட்ட அழணும்னு இருந்துச்சு, நான் அதைச் சொல்லாதது என் தப்பு. இனிமே சொல்லுவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல என்னால பேச முடியாது, உடம்பு தாங்கல. அவசரம்னா மெசேஜ் போடு, பாத்துட்டுக் கூப்பிடறேன்.’

இவ்வளவுதான். 19 வருடத்துப் பட்டியலை அவிழ்க்காதீர்கள். அவிழ்க்கத் தோன்றும். அவளே அதற்கு வழிசெய்துகொடுப்பாள், ‘செஞ்சதையெல்லாம் சொல்லிக்காட்றியா?’ என்று. சொல்லிக்காட்டுபவர் என்ற பெயருக்கு நாம் எவ்வளவு பயப்படுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கேள்வி வந்தால் ஒரே பதில்: ‘செஞ்சத சொல்லிக்காட்டல. எனக்கு வேண்டியத சொல்றேன்.’ முன்னது நேற்றைப் பற்றியது. பின்னது நாளையைப் பற்றியது. இரண்டையும் கலந்துவிட்டால் பேச்சு சண்டையாகிவிடும்.

பேசிய பிறகு வரும் வாரங்கள்தான் கடினம். பத்தே காலுக்கு அழைப்பு வரும். எடுக்க மாட்டீர்கள். மறுபடி வரும். மறுநாள் இன்னும் அதிகமாக வரும். நடத்தையியல் படித்தவர்களுக்கு இது நன்கு தெரிந்த கூறு: ஒரு செயலுக்கு இதுவரை கிடைத்துவந்த பலன் நின்றுபோனால், அந்தச் செயல் அடங்குவதற்கு முன் சில நாள் கூடும். மின்தூக்கி வராவிட்டால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறோமே, அதுபோல. அவள் மோசமானவள் என்பதற்கு இது சான்று அல்ல. பழகிய கதவைத் தட்டிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் ஆறு முறை எடுக்காமல் இருந்துவிட்டு ஏழாவது முறை மனமிளகி எடுத்தீர்கள் என்றால், ஏழு முறை அழைத்தால் எடுப்பாள் என்று நீங்களே கற்றுக்கொடுத்துவிடுவீர்கள். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம், எப்போதும் கிடைக்கும் பழக்கத்தைவிட விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். அதனால், கடைப்பிடிக்க முடியாத எல்லையைச் சொல்லாதீர்கள். பத்து மணி கஷ்டம் என்றால் பதினொன்று என்று வையுங்கள், அதில் நில்லுங்கள். தூங்கப்போகும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுவது பெரிய உதவி. மன உறுதியை இரவு பத்தரை மணிக்கு நம்பக் கூடாது. என்னுடையதை நான் நம்புவதில்லை.

குற்ற உணர்ச்சி வரும். அதைத் தவறு செய்ததற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடமாக வலக்கையில் சுமந்த பையை இடக்கைக்கு மாற்றினால் உடம்பு ஒருபக்கம் சாய்வதுபோல் இருக்கும். அது அந்த மாதிரிச் சாய்வு. ஒரே ஒரு சோதனை: ‘நான் யாரையாவது காயப்படுத்தினேனா, அல்லது யாரையாவது ஏமாற்றமடையவிட்டேனா?’ முதலாவது என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டாவது என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவளும் நீங்களும்.

இன்னொரு வேலை தருகிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, இந்த 19 வருடத்தில் அவள் உங்களுக்குச் செய்ததை எழுதுங்கள். பத்து நிமிடம், நிறுத்தாமல். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளைத் தனித்தனியே அழைத்து வீட்டுப் பொறுப்புகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுப் பங்கைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு உள்ளிருந்து தெரியும், அலுப்பும் அலைச்சலும் உட்பட. மற்றவர் செய்தது நம் கண்ணில் பட்ட அளவுக்குத்தான் தெரியும். விடுதி நாள்களில் அவள் உங்களுக்கு என்னவாக இருந்தாள்? உங்களைச் சிரிக்க வைத்தாளா? யார் முன்னாலாவது உங்களுக்காகப் பேசினாளா? அவள் கொடுப்பது நீங்கள் கொடுக்கும் வடிவத்தில் இல்லாததால் உங்கள் கணக்கில் ஏறாமல் போயிருக்கலாம். தாள் நிறைந்தால் கோபம் கொஞ்சம் தணியும். பத்து நிமிடம் கழித்தும் தாள் வெறுமையாகவே இருந்தால், அதையும் ஒதுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவள் என்பதையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவளால் மருத்துவமனையில் இரண்டு இரவு உட்கார முடியாமல் இருந்திருக்கலாம். ஆனால் ‘வலிக்குதாடி?’ என்று கேட்க இரண்டு நொடி போதும். எதிர்பார்ப்பு அவள் சக்திக்குள் இருக்கட்டும், ஆனால் அக்கறை என்ற அளவுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பேன், அதுவும் மௌனத்தின் வழியாக வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். அதற்குள் இரண்டு மூன்று முறை, குறிப்பாக, வாய்விட்டுக் கேளுங்கள். முதல் முறை அவள் தடுமாறலாம், சண்டை போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரலாம். அது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளலாம். தெரியாமல் செய்தவர், தெரிந்ததும் கொஞ்சமாவது நகர்வார். ஒவ்வொரு முறையும் உங்கள் வலி அவள் வலியைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது, நீங்கள் கேட்டதற்கு வருத்தப்பட வைக்கப்படுகிறீர்கள் என்றால், தெரிந்தும் நகராதவர் என்று பொருள். அப்போதும் அறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பதில்லை. நெருக்கத்துக்கும் முறிவுக்கும் இடையே எத்தனையோ தூரங்கள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை பார்த்துச் சிரித்துப் பேசும் பழைய விடுதித் தோழியாக அவள் இருக்கலாம், உங்கள் வலியை எடுத்துப்போகும் இடமாக இல்லாமல். அந்த இடத்துக்கு வேறு யாரையாவது பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கும் கேட்கத் தெரிய வேண்டும்.

இந்தப் பகுதியைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னதெல்லாம் பயமில்லாத உறவுகளுக்கு. ‘முடியாது’ என்று சொன்னால் அடி விழும், மிரட்டல் வரும், பணமோ போனோ பிடுங்கப்படும் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த வாக்கியங்களை ஒத்திகை பார்க்க வேண்டாம். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. நம்பிக்கையான ஒருவரிடமும் உங்கள் பகுதியில் உள்ள உதவி அமைப்பிடமும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி.

மறுபடி உங்களிடம். அவள் மகனை இதில் இழுக்காதீர்கள். மாலையில் உங்கள் வீட்டுக்கு வந்து பழகிய பிள்ளை, போன மாதத்திலிருந்து ஏன் வரவில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனைப் பார்த்துக்கொள்வது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தொடருங்கள், உங்களுக்கு முடிந்த நாள்களை நீங்களே குறித்துக் கொடுத்து. பிடிக்காமல்தான் செய்துவந்தீர்கள் என்றால் அதையும் இந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்? அந்தத் தேதியை அவளிடம் சொல்லுங்கள். சொல்லும்போது ‘சும்மா செக்கப்தான்’ என்று சேர்க்காதீர்கள்.